ஆக்சஸிலிருந்து சர்வருக்கு மாறுவது: எஸ்க்யூஎல் சர்வரா, போஸ்ட்கிரஸா, மரியாடிபியா, கிளவுடா?

பில்லிங், ஸ்டாக், சம்பளப் பட்டியல், மாணவர் பதிவு என்று பல வருடங்களுக்கு முன் யாரோ மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன மென்பொருள் இன்றும் பல அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் கூடுகிறார்கள், கோப்பு பெருக்கிறது, மாதம் ஒருமுறை "ரிப்பேர்" போட வேண்டிவருகிறது. அப்போதுதான் "எந்த சர்வருக்கு மாறுவது?" என்ற கேள்வி எழுகிறது.

பெரும்பாலும் இந்தக் கேள்வி எந்தத் தரவுத்தளம் சிறந்தது என்ற விவாதமாக முடிந்துவிடும். ஒரு சின்ன அலுவலகத்தின் சுமைக்கு இங்கே பேசப்போகும் எல்லா சர்வர்களும் தாராளமாகப் போதும். செலவையும் தலைவலியையும் தீர்மானிப்பது வேறு: மாறிய பிறகு ஆக்சஸ் ஃபார்ம்களிலும் க்வெரிகளிலும் (தரவைத் தேடி எடுக்கும் கேள்விகள்) விபிஏ (ஆக்சஸுக்குள் எழுதும் நிரல்மொழி) கோடிலும் எத்தனை இடங்களில் கைவைக்க வேண்டியிருக்கும் என்பது.

## மாறத்தான் வேண்டுமா?

ஆக்சஸ் கோப்பு பொதுவான ஃபோல்டரில் இருக்கும்போது, அந்தக் கணினியில் தரவுத்தள எஞ்சின் எதுவும் ஓடுவதில்லை. ஒவ்வொருவர் கணினியிலும் ஓடும் எஞ்சின்தான் நெட்வொர்க் வழியாகக் கோப்பின் பக்கங்களைப் படித்து எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கணினியில் கரண்ட் போனால், வைஃபை ஒரு கணம் அறுந்தால், பாதி எழுதிய பக்கம் கோப்பில் தங்கிவிடும். கோப்பு கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சர்வரில் பாதியில் நின்ற வேலை தானாகத் திரும்பப் பெறப்படும், தரவு கெடாது. மாறுவதால் கிடைக்கும் முதன்மையான பலன் இந்தப் பாதுகாப்புதான், வேகம் இரண்டாம்பட்சம்.

மாறும் முன் இவற்றைச் செய்துபாருங்கள். டேபிள்களும் ஃபார்ம்களும் ஒரே கோப்பில் இருந்தால் "டேட்டாபேஸ் டூல்ஸ்" பகுதியில் உள்ள பிரிக்கும் வசதியால் இரண்டாகப் பிரியுங்கள். டேபிள்கள் மட்டும் பொது ஃபோல்டரில் இருக்கட்டும். ஃபார்ம்கள் உள்ள கோப்பை ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக வையுங்கள். பொது ஃபோல்டரில் உள்ள ஏதாவது ஒரு சிறு டேபிளோடு இணைந்த மறைவான ஃபார்ம் ஒன்றை எப்போதும் திறந்தே வைத்தால், பூட்டுக்கோப்பு (யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் சிறு கோப்பு) ஒவ்வொரு முறையும் உருவாகி அழிவது நிற்கும். வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போடுங்கள். ஆறேழு பேர், 300 எம்பி கோப்பு என்ற அளவில் இதுவே பல வருடங்களுக்குத் தாங்கும்.

கோப்பு 2 ஜிபி வரம்பை நெருங்கினால் முதலில் அட்டாச்மெண்ட் ஃபீல்டுகளைப் பாருங்கள். ஸ்கேன் செய்த பில்லும் போட்டோவும் உள்ளேயே குவிந்திருக்கும். அவற்றை ஃபோல்டருக்கு எடுத்து, டேபிளில் பாதையை மட்டும் வைத்தால் கோப்பு கணிசமாக இளைக்கும். நீக்கிய பிறகு காம்பாக்ட் (கோப்பைச் சுருக்கும் ஆக்சஸ் கட்டளை) செய்ய மறக்கக்கூடாது. நீக்குவதால் மட்டும் கோப்பின் அளவு குறையாது.

அதற்கு மேலும் மாற வேண்டிய நிலை இவை: ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் எழுதுகிறார்கள், வெளியூர்க் கிளையிலிருந்து பயன்படுத்த வேண்டும், அல்லது சம்பள விவரத்தைச் சிலர் பார்க்கவே கூடாது. கடைசியாகச் சொன்னது ஆக்சஸால் முடியாத காரியம். ஆக்சஸ் 2007-இல் வந்த புதிய கோப்பு வடிவத்தில் பயனர்வாரிப் பாதுகாப்பே கிடையாது. ஃபோல்டரைத் திறக்க முடிந்தவர் முழுக் கோப்பையும் பென்டிரைவில் எடுத்துப் போய்விடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

1. ஃப்ரண்ட் எண்ட் (ஃபார்ம், க்வெரி, விபிஏ கோடு உள்ள கோப்பு) எவ்வளவு மாற வேண்டும்?
2. மூன்று நான்கு வருடத்தில் ஆக்சஸ் ஃபார்ம்கள் இருக்குமா, வெப் பக்கங்கள் வந்துவிடுமா?
3. பயனர்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்களா, பல ஊர்களிலா?
4. இரவு பேக்கப்பை யார் பார்ப்பார்கள்? பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் இருக்கிறாரா?
5. தமிழ் எழுத்துகள் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கின்றன?

உரிமக் கட்டணம் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்றால், கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை இலவசம்.

| | எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் | போஸ்ட்கிரஸ் | மரியாடிபி / மைஎஸ்க்யூஎல் | அஸ்யூர் எஸ்க்யூஎல் (மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட்) |
|---|---|---|---|---|
| கட்டணம் | இல்லை | இல்லை | இல்லை | மாதாந்திரம். வரம்புள்ள இலவசச் சலுகை உண்டு |
| அளவு வரம்பு | 2022 பதிப்பு வரை 10 ஜிபி, 2025-இல் 50 ஜிபி | நடைமுறையில் இல்லை | நடைமுறையில் இல்லை | திட்டத்தைப் பொறுத்தது |
| இடமாற்றக் கருவி | எஸ்எஸ்எம்ஏ (மைக்ரோசாஃப்ட்டுடையது), இலவசம் | அதிகாரபூர்வமாக எதுவுமில்லை | வொர்க்பெஞ்ச் | எஸ்எஸ்எம்ஏ |
| ஆக்சஸ் ஃபார்ம் மாற்றம் | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம், வேகத்துக்காக |
| பேக்கப் | நீங்கள்தான் அமைக்க வேண்டும் | நீங்கள்தான் | நீங்கள்தான் | தானாகவே, இயல்பாக 7 நாள் |
| எப்போது பொருந்தும் | ஆக்சஸ் நீடிக்கும்போது | வெப்புக்குப் போகும் திட்டம் உறுதியானால் | வெப்சைட் ஏற்கெனவே அதில் இருந்தால் | பல ஊர்க் கிளைகள் |

எஸ்க்யூலைட் பற்றியும் பலர் கேட்பார்கள். அது சர்வர் அல்ல, அதுவும் ஒரு கோப்புதான். பொது ஃபோல்டரில் வைத்துப் பலர் எழுதினால் விட்டு வந்த பிரச்சினைக்கே திரும்புவீர்கள்.

## எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்

ஆக்சஸ் ஃபார்ம்கள் தொடரப்போகின்றன என்றால், பேச்சே வேண்டாம், இதுதான். இரண்டும் ஒரே நிறுவனத்தின் பொருள். தரவு வகைகள் நெருக்கமானவை. எஸ்எஸ்எம்ஏ கருவி டேபிள், இண்டெக்ஸ், உறவுகள் எல்லாவற்றையும் கொண்டுபோய் லிங்க்கும் செய்துகொடுக்கும். (ஆக்சஸுக்குள்ளேயே இருக்கும் "அப்சைசிங் விசார்டை" நாடச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் ஒதுக்கிவிடுங்கள். ஆக்சஸ் 2013-லேயே அது நீக்கப்பட்டுவிட்டது.)

எக்ஸ்பிரஸின் வரம்புகள்: ஒரு தரவுத்தளத்துக்கு மேலே சொன்ன அளவு, தரவுக்கான நினைவகம் 1,410 எம்பி, அதிகபட்சம் நான்கு கோர். ஆக்சஸிலிருந்து வருபவரின் தரவு எப்படியும் 2 ஜிபிக்குள் இருக்கும் என்பதால் இவை உறுத்தாது. உறுத்துவது வேறு: நேரம் குறித்து வேலை செய்யும் ஏஜெண்ட் இதில் கிடையாது. இரவு பேக்கப்புக்கு எஸ்க்யூஎல்சிஎம்டி கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுக் கோப்பை அப்படியே காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது.

நிறுவும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் எங்கும் ஒன்றுதான்.

- எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, மாறும் போர்ட்டை அழித்துவிட்டு 1433 என்று நிலையாகக் கொடுத்து, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். ஃபயர்வாலிலும் அந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும்.
- புதிய என்விஎம்ஈ டிஸ்க் உள்ள விண்டோஸ் 11 கணினியில் சர்வீஸ் தொடங்கவே மறுத்தால், டிஸ்க்கின் செக்டர் அளவு 4 கேபியைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து இதைச் சரிசெய்யும் வழியை மைக்ரோசாஃப்ட்டே தந்திருக்கிறது.
- ஓடிபிசி டிரைவர் 18 (ஆக்சஸைச் சர்வரோடு இணைக்கும் மென்பொருள்) எல்லா இணைப்பையும் இயல்பாகவே மறையாக்கம் செய்யும். சர்வரில் முறையான சான்றிதழ் இல்லையென்றால் "நம்பிக்கைக்குரியதல்ல" என்று இணைப்பு மறுக்கப்படும். உள் நெட்வொர்க்கில் சர்வர் சான்றிதழை நம்பச் சொல்லும் அமைப்பைக் கொடுத்தால் போதும்.
- ஆக்சஸ் 32 பிட் என்றால் டிரைவர் அமைப்பும் 32 பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகி இரண்டு உண்டு. ஒன்றில் அமைத்துவிட்டு மற்றதில் தேடினால் கிடைக்காது.

மறைவான செலவு ஒன்று உண்டு. வரம்பைத் தாண்டி ஸ்டாண்டர்டு பதிப்புக்குப் போனால், கோர் கணக்கில் குறைந்தது நான்கு கோருக்கு உரிமம் வாங்க வேண்டும், அல்லது சர்வருக்கு ஒன்றும் ஆளுக்கொன்றுமாக வாங்க வேண்டும். பில் ஸ்கேன்களைத் தரவுத்தளத்துக்குள் போடும் பழக்கம் இருந்தால் அந்த நாள் சீக்கிரம் வரும்.

## போஸ்ட்கிரஸ்

நல்ல தரவுத்தளம், அளவு வரம்பில்லை, உரிமக் கவலை என்றைக்கும் இல்லை. ஆனால் ஆக்சஸ் ஃபார்முக்குப் பின்னால் வைக்கும்போது சில முட்கள் உண்டு.

பெரிதாகக் குத்துவது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. ஆக்சஸில் சிறிய எழுத்தில் தேடினாலும் பெரிய எழுத்துப் பெயர் கிடைக்கும், போஸ்ட்கிரஸில் கிடைக்காது. டேபிள், ஃபீல்டு பெயர்களையும் மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் அது சிறிய எழுத்தாக்கிவிடும். எனவே மாற்றும்போதே எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துவிடுங்கள். நீளம் குறிக்காத உரை ஃபீல்டு ஆக்சஸில் நீண்ட உரையாகத் தெரியும். அதை வைத்து டேபிள்களை இணைக்க முடியாது. 255-க்குள் நீளம் கொடுங்கள். ஆம்/இல்லை ஃபீல்டுக்கு டிரைவர் அமைப்பில் இரண்டு மாற்றம் தேவை: பூலியனை எழுத்தாகக் காட்டும் தேர்வை எடுத்துவிட்டு, "உண்மை என்றால் −1" என்பதை இயக்க வேண்டும். ரோ வெர்ஷனிங்கையும் (வரி இடையில் மாறியதா என்று அறியும் வசதி) இயக்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்ய எப்போது மனம் வரும்? இரண்டு வருடத்தில் ஆக்சஸை விட்டுவிட்டு வெப் மென்பொருளுக்குப் போவது உறுதி, அதை எழுத ஆளும் தயார் என்ற நிலையில். அப்போது ஆக்சஸ் ஃபார்ம்கள் இடைக்கால ஏற்பாடு மட்டுமே, முட்களைப் பொறுத்துக்கொள்ளலாம். "என்றாவது வெப்புக்குப் போகலாம்" என்ற ஆசை மட்டும் இருந்தால் போதாது.

## மரியாடிபி, மைஎஸ்க்யூஎல்

இதைத் தேர்ந்தெடுக்க ஒரே நல்ல காரணம், நிறுவனத்தின் வெப்சைட் ஏற்கெனவே இதில் ஓடுவதும், பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதும். ஓடிபிசி அமைப்பில் "பொருந்திய வரிகளைத் திருப்பித் தா" என்ற தேர்வை இயக்காவிட்டால், எதையும் மாற்றாமல் சேமித்தால்கூட "வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று ஆக்சஸ் சொல்லும். முதன்மை விசை (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டு) பெரிய முழு எண் வகையாக இருந்தால், பழைய ஆக்சஸ் பதிப்புகளில் எல்லா வரிகளும் நீக்கப்பட்டவையாகத் தெரியும். சாதாரண முழு எண்ணாக வையுங்கள். எழுத்து வகை யுடிஎஃப்8எம்பி4 என்றே இருக்கட்டும். பழைய மூன்று பைட் வகையும் அன்றாடத் தமிழ் எழுத்துகளைத் தாங்கும். ஆனால் பெயரோடு யாராவது ஒரு எமோஜி போட்டால் சேமிப்பு தோற்றுவிடும்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் உள்ள மைஎஸ்க்யூஎல்லுக்கு அலுவலக ஆக்சஸை நேராக இணைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவைப்பது ஆபத்து, தாமதமும் தாங்காது.

## அஸ்யூர் எஸ்க்யூஎல்

மூன்று ஊரில் கிளை, பேக்கப் பார்க்க ஆளில்லை என்றால் இது கவர்ச்சியாகத் தெரியும். பேக்கப் விஷயத்தில் அது நியாயமும்கூட. ஆனால் ஆக்சஸ் பேச்சு அதிகம் உள்ள மென்பொருள். ஒரு ஃபார்மைத் திறக்கவே சர்வரோடு பலமுறை போய்வரும். அலுவலக நெட்வொர்க்கில் ஒரு மில்லி விநாடிக்குள் முடியும் சுற்று, இணையத்தில் பல பத்து மில்லி விநாடி எடுக்கும். நூறு சுற்று என்றால் ஃபார்ம் திறக்க விநாடிக் கணக்கில் ஆகும்.

மாதம் 100,000 விகோர் விநாடியும் (பிராசசர் பயன்பாட்டின் அளவு) 32 ஜிபி இடமும் தரும் இலவசச் சலுகை சோதனைக்குப் போதும். இவ்வகைத் தரவுத்தளம் பயன்பாடு இல்லாதபோது தானாக உறங்கிவிடும் என்பதால், காலையில் முதலில் வருபவருக்கு இணைப்புப் பிழை வரும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயன்றால் கிடைக்கும். சில இணைய இணைப்புகளில் 1433 போர்ட் அடைபட்டிருக்கும், அதையும் முன்கூட்டியே பாருங்கள்.

கிளைகளுக்காக மட்டும் கிளவுட் தேடுபவர்கள், தலைமை அலுவலகத்தில் எக்ஸ்பிரஸை வைத்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வரச்செய்வதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு ரிமோட் உரிமமும் வாங்க வேண்டிவரும். ஆனால் கிளைகளுக்காக என்று ஃபார்மில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம், வேகமும் அலுவலகத்தில் இருப்பதுபோலவே இருக்கும்.

## எதைத் தேர்ந்தாலும் உடையும் இடங்கள்

தேதி. ஆக்சஸ் கி.பி. 100 முதல் தேதிகளை ஏற்கும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய தேதி வகை 1753-இலிருந்துதான் தொடங்கும். 2013-க்குப் பதில் 0213 என்று யாரோ என்றோ அடித்த ஒரே வரி இடமாற்றத்தை நிறுத்திவிடும். 1900-க்கு முந்தைய தேதிகளை முதலிலேயே தேடித் திருத்துங்கள். எஸ்எஸ்எம்ஏ இயல்பாகத் தரும் புதிய தேதி வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விண்டோஸோடு வரும் பழைய ஓடிபிசி டிரைவர் அதை உரையாகக் காட்டும். டிரைவர் 17 அல்லது 18 வேண்டும்.

ஆம்/இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் இந்த ஃபீல்டு காலியாக இருக்க முடியும், ஆக்சஸால் அதைப் புரிந்துகொள்ள முடியாது. வரியைத் திருத்தவே விடாமல் "ரைட் கான்ஃப்ளிக்ட்" என்று அடம்பிடிக்கும். காலி அனுமதியை நீக்கி, இயல்பு மதிப்பு 0 கொடுங்கள். ஒவ்வொரு டேபிளிலும் ஒரு ரோவெர்ஷன் ஃபீல்டையும் (வரி மாறும்போதெல்லாம் தானாக மாறும் மதிப்பு) சேருங்கள். க்வெரிகளில் "= −1" என்று எழுதியிருந்தால் "<> 0" என்று மாற்றுங்கள்; சர்வரில் உண்மையின் மதிப்பு 1.

தனித்த இண்டெக்ஸ். ஜிஎஸ்டி எண் ஃபீல்டில் தனித்த இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) போட்டு, எண் இல்லாத வாடிக்கையாளர்களைக் காலியாக விட்டிருப்பீர்கள். ஆக்சஸும் போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் பல காலிகளை ஏற்கும். எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றை மட்டுமே ஏற்கும். அங்கே காலி அல்லாத வரிகளுக்கு மட்டும் பொருந்தும்படி நிபந்தனையுடன் கூடிய இண்டெக்ஸ் தேவை.

தானியங்கி எண். ஆக்சஸில் புதிய வரியில் முதல் எழுத்தை அடித்தவுடனேயே எண் விழும். சர்வரில் சேமித்த பிறகுதான் விழும். சேமிக்கும் முன் அந்த எண்ணை எடுத்து வேறு டேபிளில் எழுதும் விபிஏ கோடு அமைதியாகத் தவறு செய்யும். விபிஏ கோடில் ரெக்கார்ட்செட் (டேபிளிலிருந்து எடுத்த வரிகளின் தொகுப்பு) திறக்கும் இடங்களில் டிபிசீசேஞ்சஸ் என்ற தேர்வு இல்லாவிட்டால் 3622 பிழை வரும். இன்னொன்று: எஸ்க்யூஎல் சர்வர் எதிர்பாராமல் நின்று தொடங்கினால் தானியங்கி எண் 1,000 தாவக்கூடும். ஜிஎஸ்டி விதி 46 பில் எண் வரிசையாக இருக்க வேண்டும் என்கிறது. பில் எண்ணுக்குத் தானியங்கி எண்ணை நம்பாமல் தனி எண் டேபிள் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ். எஸ்க்யூஎல் சர்வரில் உரை ஃபீல்டு என்வார்கார் (யூனிகோடு எழுத்துகளைத் தாங்கும்) வகையாக இருக்க வேண்டும். எஸ்எஸ்எம்ஏ அப்படித்தான் உருவாக்கும். ஆனால் பாஸ்த்ரூ க்வெரியில் (ஆக்சஸ் தொடாமல் அப்படியே சர்வருக்குப் போகும் க்வெரி) தமிழ்ச் சொல்லின் மேற்கோளுக்கு முன் என் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து இல்லையென்றால், "முருகன்" கேள்விக்குறிகளாகத்தான் போய்ச்சேருவார்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தரவு தனிப் பிரச்சினை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அதில் சிறிய எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. ஆக்சஸும் எஸ்க்யூஎல் சர்வரும் இயல்பாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மாற்றும் முன்பே யூனிகோடுக்குக் கொண்டுவருவது நல்லது. சர்வருக்குப் போன பிறகு செய்தால் ரிப்போர்ட்டுகளை இரண்டு முறை சோதிக்க வேண்டிவரும். அகரவரிசை முக்கியம் என்றால் போஸ்ட்கிரஸில் தமிழுக்கான ஐசியு (யூனிகோடு நூலகம்) வரிசைமுறை இருக்கிறது. வெறும் குறியீட்டு எண் வரிசையில் புள்ளி வைத்த க், கௌ-வுக்கும் பின்னால் போய்விடும்.

இவை போக, பல மதிப்புகள் கொண்ட ஃபீல்டுகளைத் தனி டேபிளாக்க வேண்டும். முதன்மை விசை இல்லாத டேபிள் லிங்க் ஆனாலும் படிக்க மட்டுமே முடியும்.

## வேகம் ஏன் கூடவில்லை?

மாறிய வாரமே வரும் புகார் "முன்னைவிட மெதுவாகிவிட்டது" என்பது. நிபந்தனையில் விபிஏ ஃபங்ஷனோ, நீங்களே எழுதிய ஃபங்ஷனோ இருந்தால் சர்வருக்கு அது புரியாது. ஆக்சஸ் முழு டேபிளையும் இறக்கிக்கொண்டு உள்ளூரில் வடிகட்டும். பட்டியல் ஃபார்மில் வரிக்கு வரி டிலுக்அப், டிசம் (டேபிளில் மதிப்பைத் தேடும், கூட்டும் ஃபங்ஷன்கள்) வைத்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பயணம். 20,000 பொருள் கொண்ட காம்போ பாக்ஸ் ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் இறக்கும்.

ஃபார்ம் திறக்கும்போது முழு டேபிளையும் காட்டாமல், தேதியோ எண்ணோ கேட்டு அந்த வரிகளை மட்டும் கொண்டுவாருங்கள். பெரிய ரிப்போர்ட்டுகளைச் சர்வரில் வியூவாகவோ (சர்வரிலேயே சேமித்து வைத்த க்வெரி) பாஸ்த்ரூ க்வெரியாகவோ மாற்றுங்கள். திருத்த வேண்டிய வியூவை லிங்க் செய்யும்போது தனித்துவ ஃபீல்டைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை: சர்வரின் க்வெரிப் பதிவை ஒரு நாள் இயக்கிப் பார்த்தால், சுமையில் பெரும்பகுதி சில ஃபார்ம்களிலிருந்தே வருவது தெரியும்.

## மாறும் நாள்

முதலில் நகலில் முழுதாக ஒருமுறை மாற்றிப்பார்த்து, பயனர்களில் இருவரை ஒரு வாரம் அதில் வேலை செய்யவிடுங்கள். உண்மையான மாற்றத்தை வார இறுதியில், மாதக் கணக்கு முடிந்த பிறகு வையுங்கள். எல்லோரும் வெளியேறியதும் பழைய கோப்பைக் காம்பாக்ட் செய்து, ஒரு நகல் எடுத்து, படிக்க மட்டும் என்று ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திங்கள்கிழமை பழைய ஷார்ட்கட் வழியாக யாராவது பத்து பில் போட்டுவிடுவார்கள். இடமாற்றம் முடிந்ததும் ஒவ்வொரு டேபிளின் வரி எண்ணிக்கையையும், பில் தொகை, ஸ்டாக் ஆகியவற்றின் மொத்தத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள். சர்வர் கணினிக்கு யுபிஎஸ் வேண்டும்; பேக்கப் வேறொரு டிஸ்க்கில் விழ வேண்டும். திங்கள்கிழமை கதவைத் திறக்கும் முன், அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டெடுத்துப் பார்த்துவிடுங்கள்.